சேலத்தில் கம்ப்யூட்டர் பவர் கார்டு வாங்கும்போது

லீவுக்கு ஊருக்கு வந்து, வீட்டில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைப் போடலாம் என்று உட்கார்ந்தால் பவர் கார்டு, அதாவது சிபியுவுக்குக் கரண்ட் கொடுக்கும் ஒயர் மட்டும் இருக்காது. இருந்தாலும் எலி கடித்திருக்கும். டொராண்டோவிலிருந்து கொண்டுவந்த ஒயரை அடாப்டர் போட்டுச் செருகிவிட வேண்டாம். சிபியுவில் செருகும் முனை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்; ஆனால் கனடா, அமெரிக்க பிளக்கில் 125 வோல்ட் என்று போட்டிருக்கும், இங்கே வருவது 230. லண்டன், சிங்கப்பூர் ஒயர் வோல்டேஜைத் தாங்கும். ஆனால் மலிவான அடாப்டர்கள் பலவற்றில் எர்த் தொடர்பே இருக்காது.

எர்த் இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடும், அதுதான் வம்பு. சிபியுவுக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் கரண்ட் சிபியுவின் இரும்புப் பெட்டிக்குக் கசியும். எர்த் இருந்தால் அது தரைக்குப் போய்விடும். இல்லையென்றால், வெறுங்காலோடு தொடுகிறவருக்குச் சுரீர் என்கும். "லேசாத்தான் அடிக்குது" என்று வீட்டில் பழகியே போயிருப்பார்கள். உள்ளே ஒயர் கழன்று பெட்டியில் பட்டால் அது லேசாக இருக்காது.

கடையில் "அண்ணா, சிபியு பவர் கார்டு, மூணு பின், ஐஎஸ்ஐ போட்டது" என்று கேளுங்கள். "லோக்கல் போதுமா, கம்பெனி வேணுமா?" என்பார். கம்பெனியே வாங்குங்கள், விலை வித்தியாசம் ஒரு பிரியாணிகூட வராது. பிளக்கில் 6 ஆம்பியர், 250 வோல்ட் என்றும், ஒயர்மேல் மூன்று கோர் (உள்ளே மூன்று தனி ஒயர்), 0.75 சதுர மி.மீ. என்றும் அச்சாகியிருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே உள்ள சிஎம்/எல் எண்ணை ஐஎஸ்ஐ முத்திரை தரும் அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய லைசென்ஸ் என்று தெரிந்துவிடும். ஒயரில் காந்தம் ஒட்டினால் உள்ளே இருப்பது செம்பு பூசிய இரும்பு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒட்டாவிட்டால் செம்பு என்று அர்த்தமில்லை, அலுமினியத்திலும் ஒட்டாது.

ஏற்காட்டில் தங்குகிறவர்கள் கீழே சேலத்திலேயே வாங்கிக்கொண்டு போங்கள், ஒரு ஒயருக்காக இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற முடியாது. மலையில் பழைய வீடு என்றால் எர்த்தையும் எலெக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். சாக்கெட்டிலேயே எர்த் வராவிட்டால் நல்ல கார்டும் உதவாது. இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது.

அமெரிக்காவிலிருந்து சிபியுவையே தூக்கி வந்திருந்தால், பின்பக்கம் சின்னச் சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். 115-ல் இருந்தால் 230-க்குத் தள்ளிய பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் பெரும்பாலும் சாக்கெட் லூஸ். அதை மாற்றச் சொல்லுங்கள்.