கர்ப்ப காலப் பக்கவாதம்: தாமதமாக்கும் தவறுகள்

கர்ப்பிணிக்குத் தலை வலித்தால் தூக்கம் போதவில்லை என்பார்கள். கை மரத்தால் ஒரே பக்கமாகப் படுத்ததால் என்பார்கள். கண் மங்கினால் ரத்தசோகை. இந்த விளக்கங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், சிக்கலும் அங்கேதான். ஒரு லட்சம் கர்ப்பங்களில் ஏறத்தாழ 30 பேருக்குப் பக்கவாதம் வருகிறது. அரிதுதான். ஆனால் வந்துவிட்டால், அதைப் பக்கவாதம் என்று சந்தேகிக்கவே நேரம் எடுத்துக்கொள்கிறோம். கெடுதலில் பெரும்பகுதி அந்தத் தாமதத்தால் வருவது.

காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரசவத்தின்போது ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவதற்காக, கர்ப்ப காலத்தில் ரத்தம் சற்று எளிதாக உறையும் தன்மைக்கு மாறுகிறது. இதனால் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியிலும் அடைப்பு வரலாம், மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் சிரையிலும் வரலாம். இன்னொரு பக்கம், பிரீஎக்லாம்ப்சியா எனப்படும் கர்ப்பகால ரத்த அழுத்த நோய். அழுத்தம் எகிறும்போது மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்படலாம். இதயக் கோளாறு, மூளை ரத்தக்குழாயில் பிறவியிலேயே உள்ள பலவீனம், ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் போன்ற ரத்த உறைவுப் பிரச்சினைகள், தீவிர நோய்த்தொற்று ஆகியவையும் காரணமாகலாம்.

பிரசவம் முடிந்தது, இனி பயமில்லை

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். பிரசவ நேரமும் அதை அடுத்த ஆறு வாரங்களும்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும் காலம். குழந்தை பிறந்ததும் ரத்தத்தின் உறையும் தன்மை உடனே பழையபடி ஆகிவிடாது. ரத்த அழுத்தமோ பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை உயர்ந்து நிற்பது வழக்கம். அந்த நேரத்தில்தான் பலர் வீட்டுக்கு வந்திருப்பார்கள். எல்லாருடைய கவனமும் குழந்தை மேல் இருக்கும், அம்மாவுக்கு பிபி பார்க்க யாருக்கும் தோன்றாது. கர்ப்பத்தில் அழுத்தம் இருந்தவர்களுக்குப் பிரசவமான மூன்று நாட்களுக்குள் ஒருமுறையும், ஏழு முதல் பத்து நாட்களுக்குள் மறுபடியும் பார்த்தாக வேண்டும். கர்ப்பம் முழுக்க அழுத்தமே இல்லாதவருக்கும் பிரசவத்துக்குப் பிறகு பிரீஎக்லாம்ப்சியா புதிதாக வரலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

160-ஐப் பார்த்துவிட்டு நாளைக்குப் போகலாம் என்பது

ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 160 அல்லது கீழ் அளவு 110-ஐத் தொட்டால், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் அது அவசர நிலை. மருத்துவமனையில் 30 முதல் 60 நிமிடங்களுக்குள் மருந்து கொடுத்து இறக்க வேண்டிய அளவு அது. தலைவலியோ பார்வைக் கோளாறோ கூடவே இருந்தால் அந்த 15 நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். படியேறி வந்ததால் கூடியிருக்கும், கவலையால் கூடியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும் எண் அல்ல இது. வீட்டில் வேறு யாரோ சாப்பிடும் பிபி மாத்திரையைக் கொடுப்பது இன்னும் மோசம். அவற்றில் சில கர்ப்பத்தில் கூடவே கூடாதவை.

வாய் கோணவில்லையே என்று விட்டுவிடுவது

முகம் ஒருபக்கம் தொங்குவது, கையோ காலோ வலுவிழப்பது, பேச்சு குழறுவது: இவை எல்லாருக்கும் தெரிந்த அறிகுறிகள். ஆனால் மூளைச் சிரையில் அடைப்பு வரும்போது இவற்றில் ஒன்றுகூட ஆரம்பத்தில் இல்லாமல் போகலாம். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, மங்கும் பார்வை, அப்புறம் திடீரென்று வலிப்பு என்று அது தன்னைக் காட்டும். இடி விழுந்ததுபோல ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் தலைவலியும் ரத்தக்கசிவின் அடையாளமாக இருக்கலாம். மைக்ரேன் பழைய நோய்தானே என்பதும் பதில் ஆகாது. வழக்கமான வலியிலிருந்து இது மாறுபட்டிருக்கிறதா என்று அவரையே கேளுங்கள், அவர் சொல்வதை நம்புங்கள்.

சந்தேகம் வந்தால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுக்காமல் தெரியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டும். பிரீஎக்லாம்ப்சியாவைத் தடுக்க மருத்துவர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு விஷயம், பயந்துகொண்டு அதை நிறுத்த வேண்டாம். தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம், விழுங்க முடியாமல் புரையேறலாம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, இரவிலும் தலை ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் போங்கள்.

குழந்தைக்கு ஆகாது என்று ஸ்கேனை மறுப்பது

அன்பினால் செய்யும் தவறு இது, அதனாலேயே இதைப் பேசி மாற்றுவது கடினம். தலைக்கு சிடி எடுக்கும்போது கதிர் வயிற்றை நோக்கி விழுவதில்லை. கருவை எட்டுவது ஒரு மில்லிகிரேயில் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) நூறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். கருவுக்குப் பாதிப்பு பற்றி யோசிக்கவேண்டிய அளவோ சுமார் 50 மில்லிகிரே. எம்ஆர்ஐயில் கதிர்வீச்சே கிடையாது. படம் தெளிவாகத் தெரிவதற்காகச் செலுத்தும் கடோலினியம் மருந்தைத்தான் கர்ப்பத்தில் முடிந்தவரை தவிர்ப்பார்கள். அது இல்லாமலே சிரைகளையும் படம் எடுக்க முடியும்.

சிகிச்சையிலும் இதே பயம் குறுக்கே வரும். அடைப்பைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதன் மூலக்கூறு பெரியது, நஞ்சுக்கொடியைத் தாண்டாது. கர்ப்பம் என்பதற்காக மட்டும் அதை மறுக்கத் தேவையில்லை. பாதிப்பு கடுமையாக இருந்தால் மருத்துவர்கள் லாப நஷ்டம் பார்த்துப் போடுவார்கள். புதிதாகப் பிரசவமோ சிசேரியனோ ஆனவர்களுக்குக் கருப்பையில் ரத்தப்போக்கு வரும் அபாயம் உண்டு. பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, உறைந்த ரத்தக்கட்டியை எடுத்துவிடும் வழி இருக்கிறது. பக்கவாதம் என்றாலே உடனே சிசேரியன் என்ற எண்ணமும் சரியல்ல. முதலில் தாயை நிலைப்படுத்துவார்கள், பிரசவ முறையை அப்புறம்தான் முடிவு செய்வார்கள்.

சிரை அடைப்புக்குக் கர்ப்பத்தில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் ஊசிதான் முதன்மை. அது கருவை எட்டாது. கர்ப்பம் முழுவதும், பிரசவத்துக்குப் பின் குறைந்தது ஆறு வாரமும் தொடர வேண்டும். குழந்தை பிறந்ததும் தாங்களாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தாய்ப்பால் கொடுப்பதற்காகவும் நிறுத்தத் தேவையில்லை. ஹெப்பரின், அதேபோல உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை இரண்டுமே பாலூட்டும்போது எடுத்துக்கொள்ளக்கூடியவை. ஆனால் வார்ஃபரின் கர்ப்பத்தில், முக்கியமாக முதல் மூன்று மாதங்களில், தவிர்க்கப்படுகிறது.

குணமான பிறகு கருத்தடை பற்றிப் பேசும்போது நடந்ததை மறக்காமல் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை இவர்களுக்குக் கூடாது. அடுத்த குழந்தை வேண்டும் என்றால் கருத்தரிக்கும் முன்பே போய்ப் பாருங்கள். எந்த மருந்தை மாற்றுவது, ஹெப்பரினை எப்போது தொடங்குவது என்பதை அப்போதே தீர்மானித்துவிடலாம்.