வீட்டு ஆளைக் குட்டி விமானத்தில் ஏற்றிப் போவது எப்படி? புது விமானிகளுக்குச் சில படிகள்

தனியார் விமானி உரிமம் கைக்கு வந்ததுமே வீட்டில் ஆரம்பித்துவிடுவார்கள்: "எப்போ எங்களைக் கூட்டிட்டுப் போகப்போறே?" சரி, கூட்டிப் போகலாம். ஆனால் இறங்கியதும் "மறுபடி எப்போ?" என்று அவர்கள் கேட்க வேண்டும். உங்கள் வித்தையெல்லாம் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: முதலில் உங்கள் கை

பல நாடுகளில் ஆளை ஏற்றிப் பறக்க, கடைசி 90 நாட்களுக்குள் மூன்று முறை விமானத்தைக் கிளப்பி இறக்கியிருக்க வேண்டும். சட்டத்துக்கு அது போதும். கைக்குப் போதுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இரண்டு மாதம் விட்டுப்போயிருந்தால், முந்தின வாரமே பயிற்சியாளரோடு ஒரு மணி நேரம் பறந்துவிடுங்கள்.

படி 2: எடை கேளுங்கள், கூச்சப்படாமல்

செஸ்னா 172ல் நாலு சீட் இருக்கிறது. அதற்காக நாலு பேர், பைகள், டேங்க் நிறையப் பெட்ரோல் என்று எல்லாவற்றையும் ஏற்றிவிட முடியாது. 172எஸ் ரகத்துக்கு அனுமதித்த மொத்த எடை 1,157 கிலோ. ஆளில்லாத விமானமே ஏறக்குறைய 760 கிலோ வரும். உங்கள் விமானத்தின் சரியான எடை அதன் ஏட்டில் இருக்கும். பெட்ரோல் 200 லிட்டர், லிட்டருக்கு 0.72 கிலோ என்று 144 கிலோ. மிச்சம் சுமார் 250 கிலோதான். உங்களையும் சேர்த்து மூன்று பெரியவர்களும் ஒரு சின்னப் பையும் ஏறினால் தீர்ந்தது. நாலாவது ஆள் வேண்டுமென்றால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும்.

சித்தப்பாவிடம் எடை கேட்டால் கல்யாணத்துக்கு முந்தைய எடையைத்தான் சொல்வார். முடிந்தால் செருப்போடு நிறுத்தி எடை பாருங்கள்.

படி 3: காலை நேரம், அரை மணி நேரம்

வெயில் ஏற ஏறத் தரை ஒரே மாதிரி சூடாவதில்லை. உழுத நிலம் ஒரு மாதிரி, குளம் ஒரு மாதிரி. சூடான காற்று அங்கங்கே மேலே கிளம்பும், விமானம் குலுங்கும். உங்களுக்கு அது பழகிப்போன ஆட்டம். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு வயிற்றைப் புரட்டும். அதனால் காலையிலேயே கிளம்புங்கள், அரை மணி நேரத்தில் இறங்கிவிடுங்கள். "ஞாயிற்றுக்கிழமை நிச்சயம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். எல்லோரும் உடுத்திக்கொண்டு வந்து நிற்கும்போது, மேகத்தைப் பார்த்து "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கே வாய் வராது.

படி 4: ஏறுவதற்கு முன் சொல்ல வேண்டியவை

எப்போதும் இறக்கைக்குப் பின்பக்கமாகத்தான் விமானத்தை நெருங்க வேண்டும். புரொப்பல்லர் நின்றிருந்தாலும் அதைத் தொடக் கூடாது. இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவில் கோளாறு இருந்தால் கை பட்டு அசைந்தாலே சுற்றக்கூடும்.

சீட் பெல்ட்டை அவர்களே இரண்டு முறை போட்டுக் கழற்றட்டும். கதவையும் அவர்களே திறந்து பார்க்கட்டும். நடுவானில் கதவு லேசாகத் திறந்துகொண்டால் காற்று இரையும், அவ்வளவுதான், விமானம் பறக்கும் என்பதையும் சொல்லிவையுங்கள். சீட் தண்டவாளத்தில் நன்றாகப் பூட்டிக்கொண்டதா என்று நீங்களே ஆட்டிப் பாருங்கள். பூட்டாத சீட் டேக் ஆஃபில் பின்னால் சறுக்கினால், கைக்குக் கிடைக்கும் முதல் பிடி ஸ்டீயரிங்தான்.

ஹெட்செட் மைக் உதட்டை ஒட்டி இருக்கட்டும். நீங்கள் கையை உயர்த்தினால் பேச்சு நிற்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் பேச்சே வேண்டாம். ஆனால் பக்கத்தில் வேறு விமானம் தெரிந்தால் மட்டும் உடனே சொல்லச் சொல்லுங்கள். வேலை கொடுத்தால் பயமும் குறையும்.

படி 5: சத்தங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

என் அம்மாவைக் கூட்டிப் போனபோது நான் கோட்டைவிட்டது இதில்தான். சக்கரம் தரையைத் தொட ஒரு நொடி இருக்கும்போது ஸ்டால் ஹாரன் (வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப்போகிறது என்று எச்சரிக்கும் ஊதல்) 'பீ...' என்று ஊதியது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்னடா ஆச்சு?" என்றார். ஒன்றும் ஆகவில்லை. 172ன் இடது இறக்கை முன்விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை. உள்ளே சீவாளி மாதிரி ஒரு நாக்கு. வேகம் குறைந்து மூக்கு உயரும்போது காற்று அதன் வழியே இழுபட்டு ஊதும். ஒழுங்கான லேண்டிங்கில் பெரும்பாலும் அது கேட்கும். அம்மாவுக்கு அதை யார் சொன்னது?

அதே போல, இறங்கத் தொடங்கும்போது இன்ஜினைக் குறைத்தால் சத்தம் சட்டென்று அடங்கும். "இப்போ குறைக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

படி 6: மேலே போனதும்

திருப்பங்கள் 20 டிகிரிக்கு மேல் சாய வேண்டாம். உயரம் மாறாமல் 60 டிகிரி சாய்த்தால் உடம்பு இரண்டு மடங்கு கனக்கும். நல்ல பெயர் அத்தோடு போச்சு. குமட்டினால் தூரத்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லி, காற்றுத் துவாரத்தை முகத்துக்குத் திருப்பிவிடுங்கள். செல்போனைக் குனிந்து பார்ப்பதுதான் வினை. ஒரு பை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இறங்கும்போது நிமிடத்துக்கு 500 அடிக்கு மேல் வேண்டாம். எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ காது திறக்கும். ஜலதோஷம் பிடித்தவரை அன்று ஏற்றவே ஏற்றாதீர்கள், அப்புறம் வலியில் துடிப்பார்.

படி 7: இறங்கிய பிறகு

புரொப்பல்லர் முழுக்க நிற்கும்வரை யாரும் பெல்ட்டைக் கழற்றக் கூடாது. நின்றதும் எல்லோரும் போட்டோ எடுக்க நேராக மூக்குப் பக்கம்தான் ஓடுவார்கள். முதலில் நீங்கள் இறங்கி, பின்பக்கமாகச் சுற்றி அழைத்துப் போய் இறக்கை ஓரமாக நிறுத்துங்கள். அங்கிருந்து எடுத்தாலும் படத்தில் விமானம் முழுசாக வரும்.