வான் (படகுகள் கரைக்கு வந்துபோகும் கடல்வழி) தோண்டும்போது கடலடிச் சரிவை அலை குலைக்குமா என்று பார்ப்பது எப்படி?

பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் படகுகள் வந்துபோகும் வானை ஆழமாக்கும்போது, சரிவு நிற்குமா என்பதை வாடைக்காற்றுக் கால அலையை வைத்தே கணிக்க வேண்டும். சுண்ணக்கல் பாரில் (கடலடிப் பாறையில்) வெட்டிய சரிவு நிற்கும், கவலை மணலில்தான்.

முதலாவது முகட்டிலிருந்து 11ஆவது முகடு வரை ஒரு மிதவையைக் கடக்கும் நேரத்தை 10ஆல் வகுத்தால் அலைக்காலம். அதன் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்க, ஆழ்கடல் அலைநீளம் மீற்றரில் வரும். அதில் பாதி ஆழம் வரை அலையின் அசைவு எட்டும். 6 வினாடி அலைக்கு 28 மீற்றர். பாக்கு நீரிணையின் பெரும்பகுதி அதைவிட ஆழம் குறைந்தது.

2 மீற்றர் உயரமான அதே அலை, 8 மீற்றர் ஆழத்தில் தரை அழுத்தத்தைச் சராசரியிலிருந்து சுமார் 6 கிலோபாஸ்கல் ஏற்றி இறக்கும். அலையின் பள்ளம் கடக்கையில் தரையின் மேலழுத்தம் குறையும். மணல்மணிகளுக்கிடையே உள்ள நீர் உடனே வெளியேற முடியாமல் மேல்நோக்கித் தள்ளும். மணிகளின் பிடி தளரும். தளர்வான நுண்மணலிலும் வண்டலிலும் இந்த உள்நீரின் அழுத்தம் அலைக்கு அலை சேர்ந்து, மண்ணே குழம்பாகி வழியும். பருமணலில் நீர் விரைவில் வடிந்துவிடும். ஆகவே மண் மாதிரி எடுக்காமல் சரிவுக் கோணத்தைத் தீர்மானிக்க வேண்டாம்.

தோண்டிய மண்ணை விளிம்பில் குவிக்கவே கூடாது. புயலுக்கு முன் ஆழம் அளந்த அதே குறுக்குவெட்டுகளில் புயலுக்குப் பின்னும் ஆழம் பாருங்கள்: மேல்விளிம்பு ஆழமாகி அடிவாரம் மேடாகியிருந்தால், சரிவு இறங்கத் தொடங்கிவிட்டது.