ஆர்பிட்டரில் ஆரியபட்டா: முதல் ஆட்-ஆனை எஞ்சின் இல்லாமல் செய்யலாம்

எண்ணூர், காசிமேடு பக்கத்துப் பிள்ளைகளிடம் ஆர்பிட்டர் என்ற இலவச விண்வெளிப் பறப்பு சிமுலேட்டருக்கு என்ன ஆட்-ஆன் (நாமே செய்து சேர்க்கும் கூடுதல் கலம்) செய்யப் போகிறாய் என்று கேட்டால், பிஎஸ்எல்வி என்றுதான் பதில் வரும். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் மொட்டை மாடியிலிருந்தே புகைக்கோடு தெரிகிற ஊர், ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் நான்கு அடுக்கு, ஆறு பூஸ்டர், ஒவ்வொன்றும் பிரியும் நேரம் என்று போனால் சி++ எழுதாமல் முடியாது. முதல் வேலைக்கு அது வேண்டாம்.

அதற்குப் பதில் ஆரியபட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் பீன்யாவில் தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் உருவாகி, 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத்தின் கபுஸ்தின் யார் தளத்திலிருந்து காஸ்மோஸ்-3எம் ராக்கெட்டில் போன நமது முதல் செயற்கைக்கோள். எடை 360 கிலோ, விட்டம் 1.4 மீட்டர், 26 முகங்கள். ஒரே உருவம், நகரும் பாகம் கிடையாது. ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியதில்லை.

தேவையானவை: ஆர்பிட்டர் 2016, முப்பரிமாண உருவம் செய்ய பிளெண்டர், அந்த உருவத்தை ஆர்பிட்டர் படிக்கும் மெஷ் ஃபைலாக மாற்றித் தரும் பிளெண்டருக்கான ஆர்பிட்டர் மெஷ் எக்ஸ்போர்ட்டர், படம் வரைய ஜிம்ப். நான்கும் இலவசம். எக்ஸ்போர்ட்டர் எந்த பிளெண்டர் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பார்த்துவிட்டு, அதே பதிப்பைப் போடுங்கள். ஆர்பிட்டரை "புரோகிராம் ஃபைல்ஸ்" ஃபோல்டரில் வைக்காதீர்கள். விண்டோஸ் அங்கே எழுத விடாது. நீங்கள் மாற்றிய ஃபைல் ஒரு இடத்திலும், ஆர்பிட்டர் படிக்கிற ஃபைல் வேறு இடத்திலும் இருக்கும். டி டிரைவில் தனி ஃபோல்டர் நல்லது.

உருவம்

பிளெண்டரில் 8 முனை கொண்ட சிலிண்டர் போடுங்கள்: ஆரம் 0.7, உயரம் 0.5 மீட்டர். எடிட் நிலையில் மேல் முகத்தைத் தேர்ந்து, ஈ விசையால் 0.3 மீட்டர் மேலே இழுத்து, எஸ் விசையால் 0.6 அளவுக்குச் சுருக்குங்கள். கீழ் முகத்துக்கும் இதேதான். உயரமும் சாய்வும் தொடக்க அளவுகள் மட்டுமே, புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். பழைய இரண்டு ரூபாய் நோட்டு வீட்டில் கிடந்தால் அதன் பின்பக்கத்திலும் ஆரியபட்டா உண்டு.

இப்போது முகங்களை எண்ணுங்கள்: நடுவில் 8, மேல் சாய்வில் 8, கீழ்ச் சாய்வில் 8, இரண்டு மூடி. மொத்தம் 26. ஒன்றிரண்டு கூடுதலாக வந்தால் உள்ளே ஒரு முகம் ஒளிந்திருக்கிறது, அதை நீக்குங்கள்.

கன்ட்ரோல்-ஏ அழுத்தி ஸ்கேலை நிலைப்படுத்துங்கள். மறந்தால் ஆர்பிட்டரில் அளவு மாறி நிற்கும். ஷேடிங் ஃபிளாட்டாகவே இருக்கட்டும். ஸ்மூத் போட்டால் பட்டைகள் மழுங்கி உருண்டையாகிவிடும். பிளெண்டர் வலக்கை அச்சு முறை, ஆர்பிட்டர் இடக்கை. எக்ஸ்போர்ட்டரில் அச்சு மாற்றும் வசதியை அணைத்தால் உருவம் கண்ணாடி பிம்பமாகி, முகங்கள் உள்நோக்கித் திரும்பி, வெளியிலிருந்து பார்க்கும்போது ஓட்டையாகத் தெரியும்.

ஏற்றுமதியான மெஷ் ஃபைலை நோட்பேடில் திறந்து, ஜியாம் (GEOM) என்ற வரியைப் பாருங்கள். 112, 60 என்று இருந்தால் சரி: 112 புள்ளிகள், 60 முக்கோணங்கள். முக்கோணத்துக்கு மூன்று புள்ளி வீதம் 180 எழுதும் எக்ஸ்போர்ட்டரும் உண்டு, அதுவும் ஓடும். முக்கோணம் 60 வரவில்லை என்றால் பிளெண்டருக்குத் திரும்புங்கள்.

மேல் கீழ் மூடி தவிர 24 முகங்களிலும் சூரியத் தகடுகள். அடர்நீலக் கட்டங்களை 512-க்கு 512 அளவில் வரைந்து டிடிஎஸ் (DDS) என்ற பட ஃபைல் வகையில் சேமியுங்கள். 500-க்கு 500 எல்லாம் ஆகாது. இரண்டின் அடுக்காகவே இருக்க வேண்டும்.

கான்ஃபிக் ஃபைல்

கோளின் எடை, அளவு எல்லாம் ஆர்பிட்டருக்குச் சொல்வது இந்த ஃபைல். முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான், காரணம் அலகுகள். ஆர்பிட்டரோடு வரும் கரினா செயற்கைக்கோளின் கான்ஃபிக் ஃபைலை நகலெடுத்துப் பெயர் மாற்றுங்கள். எழுத்துக்கூட்டல் தப்பாது. நோட்பேட் சேமிக்கும்போது பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். ஃபைல் வகையில் "ஆல் ஃபைல்ஸ்" தேர்ந்தால் ஒட்டாது.

மாஸ்: 360. சைஸ்: 0.7, அதாவது ஆரம், விட்டமல்ல. இனர்ஷியா (சுழற்றும்போது காட்டும் எதிர்ப்பு), எக்ஸ், ஒய், இசட் அச்சு வரிசையில்: 0.19, 0.21, 0.19. இது எடையால் வகுத்த மதிப்பு, அலகு சதுர மீட்டர். புத்தகக் கணக்கில் வரும் 70 சொச்சத்தை அப்படியே போட்டால் உருவம் அசைய மறுக்கும். பிளெண்டரின் நிற்கும் அச்சு ஆர்பிட்டரில் ஒய் அச்சாகும். ஆரியபட்டா சுழன்றபடி நிலைநின்ற கோள் என்பதால் அந்த அச்சுக்குத்தான் பெரிய எண். மூன்றும் வெவ்வேறாகி, சுழல் அச்சுக்கு நடு மதிப்பு விழுந்தால் சில சுற்றிலேயே குட்டிக்கரணம் போடும்.

உந்துவிசை வரிகளை அழித்துவிடுங்கள். பிறகு எப்போதாவது நைட்ரஜன் வாயு ஜெட் சேர்க்கத் தோன்றினால், ஐஎஸ்பி (ஜெட்டின் திறனைச் சொல்லும் எண்) விநாடியில் அல்ல, மீட்டர்/விநாடியில் கேட்கும். 70 விநாடி என்றால் 9.81-ஆல் பெருக்கி 687 போடுங்கள்.

சுற்றுப்பாதை

ஆர்பிட்டருக்குள் கலங்களை இடம்வைக்கும் சினாரியோ எடிட்டரைத் திறந்து தேதியை எம்ஜேடி (நாட்களைத் தொடர் எண்ணாக எண்ணும் வானியல் முறை) 42521 ஆக்குங்கள். அதுதான் 1975 ஏப்ரல் 19. பாதை 563-க்கு 619 கிலோமீட்டர், சாய்வு 50.7 டிகிரி. அரைப் பேரச்சு 6969 கிலோமீட்டர், மையப்பிறழ்வு 0.004. எண்ணை அடிக்கும் முன் ஃபிரேம் என்ற இடத்தில் ஈக்வேட்டரைத் தேர்ந்தெடுங்கள். எக்லிப்டிக்கில் (பூமி சூரியனைச் சுற்றும் தளம்) விட்டால் பூமியின் 23.4 டிகிரி சாய்வும் கணக்கில் புகுந்து பாதை எங்கேயோ போகும். ஆர்பிட் எம்எஃப்டியில் (பறக்கும்போது எண்களைக் காட்டும் திரை) எஃப்ஆர்எம் பொத்தானை அழுத்தி ஈக்வேட்டருக்கு மாற்றினால் 50.7 தெரிய வேண்டும், சுற்றுக்காலம் சுமார் 5790 விநாடி. உயரம் ஏழு கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டினால் பதற வேண்டாம். ஆர்பிட்டர் பூமியின் சராசரி ஆரத்திலிருந்து அளக்கிறது, நாம் நிலநடுக்கோட்டு ஆரத்திலிருந்து கணக்கிட்டோம்.

மேப் எம்எஃப்டியில் பாதையின் கோடு வடக்கே 50.7, தெற்கே 50.7 தாண்டக் கூடாது. ராயபுரம் 13.1 வடக்கு, 80.3 கிழக்கு, ஒரு நாள் கணக்கை ஓட்டினால் நம் தலைக்கு மேல் வரும் சுற்றுகள் தெரியும். சுழற்சியை டிகிரி/விநாடியில் கொடுங்கள்: நிமிடத்துக்கு 10 சுற்று என்றால் 60. சுழல்வதைச் சாதாரண வேகத்தில் பாருங்கள். காலத்தை ஆயிரம் மடங்கு ஓட்டிவிட்டு ஆடுகிறது என்று கான்ஃபிக்கைக் கெடுக்காதீர்கள்.

நண்பர்களுக்கு அனுப்பும்போது கான்ஃபிக், மெஷஸ், டெக்ஸ்சர்ஸ், சினாரியோஸ் நான்கு ஃபோல்டரையும் நேராகத் தேர்ந்து ஜிப் செய்யுங்கள். வெளியே இன்னொரு ஃபோல்டர் சுற்றியிருந்தால், பிரிக்கிறவர் கணினியில் எல்லாம் தப்பான இடத்தில் விழுந்து, கோளே காணோம் என்று போன் வரும்.