அக்காவின் காகிதத் துண்டு: நெட்வொர்க் காவலர்களுக்குத் திரை வடிவமைப்பது எப்படி

மொரீஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் ஒரு நெட்வொர்க் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்துக்காக நான் முதலில் செய்த திரையில் கணினிக்கு ஒரு புள்ளி, தொடர்புக்கு ஒரு கோடு. 2,000 கணினிகளை ஏற்றியதும் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி ஆகிவிட்டது.

அதன்பிறகு இரவு ஷிப்டில் மதுரைக்கார அக்கா ஒருவரின் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்தேன். திரையில் ஏதாவது எகிறினால் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் கணினியின் எண்) காகிதத்தில் எழுதி, வேறொரு ஜன்னலில் தட்டி, லாகைத் (கணினிகள் தாமாகப் பதிந்துவைக்கும் நிகழ்வுக் குறிப்பு) தேடினார். "படம் நல்லாத்தான் இருக்கு தம்பி, எனக்கு லாக் வரிதான் வேணும்" என்றார். நீங்களும் இங்கிருந்தே தொடங்குங்கள். வரைவதற்கு முன் காவலர்கள் எதைக் காப்பி செய்கிறார்கள், எதை எழுதிவைக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மொத்தக் காட்சி, பிறகு நெருங்கிப் பார்த்து வடிகட்டல், கேட்டால் விவரம்: 1996-இல் கணினித் திரை வடிவமைப்பு ஆய்வாளர் பென் ஷ்னைடர்மேன் சொன்ன இந்த வரிசை இன்றும் கைகொடுக்கிறது. எந்தப் புள்ளியைச் சொடுக்கினாலும் மூல லாக் வரி வரவேண்டும், அதைக் காப்பி செய்யவும் முடியவேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த படம் எளிமையானது. கணினிக்கு ஒரு வரிசை, இடமிருந்து வலமாக நேரம், ஒவ்வொரு வெளித்தொடர்புக்கும் ஒரு சின்னக் கீற்று. மனிதர் இணையத்தில் உலாவினால் கீற்றுகள் சிதறிக் கிடக்கும். 60 விநாடிக்கு ஒருமுறை தன் எஜமானின் (அதை ஏவிவிட்டவரின்) கணினியைக் கூப்பிடும் தீநிரல், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள், சீப்புப் பல்லாக வரிசைகட்டும். மென்பொருள் அப்டேட்டும் அப்படியே தெரியலாம். ஆகவே தாக்குதல் என்று கருவி தீர்ப்புச் சொல்லக்கூடாது. "இது தெரிந்ததுதான்" என்று குறித்துவைக்க அக்காவுக்கு ஒரு பொத்தான் கொடுங்கள்.

நேரத்தில் கவனம் வேண்டும். லாக் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால், இங்கே மொரீஷியஸில் செவ்வாய் அதிகாலை 2 மணி லாகில் திங்கள் இரவு 22:00. இரண்டையும் காட்டுங்கள். போன வாரத்தோடு ஒப்பிடும் கோடு இருந்தால் உள்ளூர் விடுமுறைகளையும் கருவிக்குச் சொல்லிக்கொடுங்கள். தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. அலுவலகங்கள் மூடியிருக்கும் அன்று போக்குவரத்து சரிவது கோளாறு அல்ல.

சிவப்பு, பச்சையை மட்டும் நம்பாதீர்கள், வடிவத்தையும் மாற்றுங்கள்.

கடைசியில், விடை தெரிந்த பழைய சம்பவத்தின் லாகை ஏற்றி, விளக்கம் சொல்லாமல் திரையைக் காவலர்களிடம் கொடுத்துப் பாருங்கள். மேசையில் காகிதமும் பேனாவும் இருக்கட்டும். கை எப்போது பேனாவுக்குப் போகிறதோ, அப்போது திரையில் இருந்த இடத்தைத்தான் அடுத்துத் திருத்தவேண்டும்.