ஆறாத குதிகால் நாண் வலி: நாம் செய்யும் தவறுகள்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி நாலடி வைப்பதற்குள் குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், பிடித்து இழுக்கும். நொண்டிக்கொண்டே பாத்ரூம் போய்த் திரும்புவதற்குள் கொஞ்சம் இளகிவிடும். ஓடப் போனால் முதல் ஒரு கிலோமீட்டர் வலித்துவிட்டு அப்புறம் காணாமல் போகும். மறுநாள் காலை மறுபடி அதே நொண்டல். அந்த இடத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பார்த்தால் மற்ற காலைவிடத் தடித்திருக்கும். லேசாக அழுத்தினாலே சுள்ளென்று இருக்கும். ஜனவரி மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு நவம்பரில் அவசரமாகத் தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்கும், வெகுநாள் கழித்து ஷட்டில் ஆட இறங்குகிறவர்களுக்கும் வருகிற அக்கிலிஸ் தசைநாண் பாதிப்பு இதுதான். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் இந்த நாண்தான் உடம்பிலேயே தடிமனானது.

இது ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது என்று தெரியாததால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. 1950, 60களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது. அப்போது வளர்ந்தவர்களின் உடம்பிலும் அது பதிந்தது. டென்மார்க் ஆய்வாளர்கள் அதை வைத்து அக்கிலிஸ் நாணின் வயதைக் கணக்கிட்டு 2013இல் வெளியிட்டார்கள். நாணின் உட்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அதன்பின் அது அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. தசையில் காயம் பட்டால் ஆறுகிற வேகத்தை நாணிடம் எதிர்பார்க்க முடியாது. ஆகவே இங்கே குணமாவது என்றால், இருக்கிற நாண் மறுபடி பாரம் தாங்கப் பழகுவது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் புரிந்துகொண்டால், முழு ஓய்வு ஏன் பெரிய தவறு என்பதும் விளங்கும். மூன்று வாரம் ஓடாமல் இருந்தால் வலி போய்விடும், உண்மைதான். ஆனால் அந்த மூன்று வாரத்தில் கெண்டைக்கால் தசையும் இளைத்திருக்கும், நாணின் தாங்கும் திறனும் குறைந்திருக்கும். ஓடும்போது இந்த நாணில் விழுகிற விசை உடல் எடையைப்போல ஆறு முதல் எட்டு மடங்கு. 70 கிலோ ஆளுக்கு 400 கிலோவைத் தாண்டுகிறது. வலி இல்லையே என்று பழைய வேகத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடினால், முன்பைவிடப் பலவீனமான நாண்மேல் அதே பாரம் விழுகிறது. வலி திரும்பி வரும். மறுபடி ஓய்வு, மறுபடி ஓட்டம். இந்தச் சுழலிலேயே இரண்டு மூன்று வருடம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. சொன்னபடி கேட்டு ஓய்வெடுத்தவர்கள்தான். அதனாலேயே எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவது. உடம்பு சூடானதும் வலி குறைவதால், ஓடினால் சரியாகிவிடுகிறது என்று தோன்றும். ஓடும்போது இருக்கிற வலியை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஸ்வீடனில் கரின் சில்பர்நாகல் குழுவினர் இதற்கு ஒரு எளிய முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலிக்கு மதிப்பெண் போட்டால், ஐந்து வரை போகலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் கூடவும் கூடாது. 2007இல் வந்த அவர்களது ஆய்வில், இந்த வரம்புக்குள் ஓட்டத்தையும் குதிப்பதையும் தொடர்ந்தவர்கள், முதல் ஆறு வாரம் அவற்றை நிறுத்தியவர்களைவிடப் பின்தங்கவில்லை. இரண்டு குழுவும் கூடவே கெண்டைக்காலை வலுப்படுத்தும் பயிற்சி செய்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்த வகைப் பயிற்சிக்கு நல்ல கதை உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்கே இந்த வலி இருந்தது. அறுவை சிகிச்சை கேட்டபோது அவரது மேலதிகாரி மறுத்துவிட்டார். நாணை இன்னும் கெடுத்துக்கொண்டாலாவது செய்வார்கள் என்று குதிகாலைத் தாழ்த்தும் பயிற்சியை வலிக்க வலிக்கச் செய்தார். வலி குறைந்துவிட்டது. 1998இல் 15 ஓட்டக்காரர்களை வைத்து அதை வெளியிட்டார்: முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கி மூன்று சுற்று, காலை மாலை இருவேளை, 12 வாரம். ஒரு நாளைக்கு 180 முறை. பின்னால் 2015இல் வந்த டென்மார்க் ஆய்வில், கனமான எடையோடு மெதுவாக, வாரம் மூன்று நாள் செய்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டாவதையே நான் சொல்வேன்; விடாமல் செய்ய முடியும்.

செய்கிற விதத்தில்தான் கோட்டை விடுகிறோம். சுவரில் விரல் வைத்துக்கொண்டு, மூன்று எண்ணும்வரை குதிகாலை உயர்த்தி, மூன்று எண்ணும்வரை இறக்க வேண்டும். பலர் தபதபவென்று இருபது முறை ஏறி இறங்கிவிட்டு முடிந்தது என்கிறார்கள். ஒற்றைக் காலில் 15 முறை சுலபமாக வந்துவிட்டால் முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் சுலபமானால் இன்னும் கூட்டுங்கள். கடைசி இரண்டு முறை தசை திணறவில்லை என்றால் நாணுக்குப் போதிய வேலை கொடுக்கவில்லை. மூன்றாவது வாரத்தில் பலன் தெரியவில்லையே என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். 12 வாரம் என்பது குறைந்தபட்சம். ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம்.

ஒரு முக்கியமான விதிவிலக்கு இருக்கிறது. வலி எலும்புக்கு இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே இருந்தால் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே தொங்கவிடலாம். நாண் எலும்பில் வந்து ஒட்டுகிற இடத்திலேயே வலி என்றால் அது கூடாது. குதிகால் கீழே போகப் போக நாண் எலும்பின்மேல் நசுங்குகிறது. அப்படிப்பட்டவர்கள் சமதளத்தில் நின்றே செய்ய வேண்டும். சுவரைத் தள்ளிக்கொண்டு கெண்டைக்காலை நீட்டி இழுக்கிற பயிற்சியையும் விட வேண்டும். கொஞ்ச நாளைக்குக் கொஞ்சம் குதி உயர்ந்த செருப்பு உதவும்.

“ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடாதா?” என்ற கேள்வி வராமல் இருக்காது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை நன்றாகவே குறைக்கும். ஆனால் 2010இல் லான்செட் மருத்துவ இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, டென்னிஸ் எல்போ என்ற முழங்கை நாண் வலி நோயாளிகளில் ஊசி போட்டவர்களின் நிலை மாதங்கள் போகப் போக மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. அக்கிலிஸ் நாணுக்குள் போட்டால் அறுந்துபோகும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. நம் ரத்தத்தையே எடுத்துப் பிரித்துப் போடும் பிஆர்பி ஊசிக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். அக்கிலிஸ் நாணில் அதைச் சோதித்த 2010 நெதர்லாந்து ஆய்விலும், 240 பேரை வைத்துச் செய்து 2021இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்விலும், போலிச் சிகிச்சையைவிட அது மேலாக இல்லை.

ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வலியே இல்லாதவர்கள் நாணிலும் மாற்றம் தெரியும். வலி போன பிறகும் படம் அப்படியே இருக்கலாம்.

பொறுமை கூடாத இடம் ஒன்று உண்டு. ஆட்டத்தின் நடுவே யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல ‘டப்’ என்று இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்றால், நாண் அறுந்திருக்கலாம். நடக்க முடிகிறதே, பாதத்தை அசைக்க முடிகிறதே என்று எண்ணெய் போட்டு உருவிவிடக் கொடுப்பது இங்கே மிகக் கெடுதல். குப்புறப் படுக்க வைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, கெண்டைக்காலை அமுக்கிப் பாருங்கள். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும். அடிபட்ட காலில் அசையவில்லை என்றால் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். அசைந்தாலும் சந்தேகம் இருந்தால் காட்டிவிடுவதே நல்லது.

இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் வந்தால் ஓட்டத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு நாண் வலி அதிகம் வருகிறது. பரம்பரையாக ரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கு அது நாணிலேயே படிந்து தடிப்பாகத் தெரியும். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கூடவே இடுப்பும் பிடித்தால் வாத நோய் மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். இன்னொன்று, சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக். இவை நாணைப் பாதித்து அறுக்கவும் கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2008இல் கட்டம் கட்டி எச்சரித்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து கூடுதல். சிறுநீர்த் தொற்றுக்கோ வயிற்றுப்போக்குக்கோ டாக்டர் இதை எழுதும்போது, உங்களுக்கு நாண் வலி இருப்பதைச் சொல்லி வேறு மருந்து உண்டா என்று கேளுங்கள். ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்து நாணில் புதிதாக வலி வந்தால், அடுத்த மாத்திரைக்கு முன்பே அவருக்குப் போன் செய்துவிடுங்கள்.