சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தைப் பேணும் முறை

நாள்தோறும் ஒரே வேளையில், கடிகாரத்தைக் கையிலிருந்து கழற்றிய பிறகே, பக்கவாட்டுத் திருகைத் தடை தெரியும்வரை மெதுவாகத் திருகிச் சாவி கொடுக்க வேண்டும். இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் தேதியை மாற்றாதீர்கள்; பெரும்பாலான கடிகாரங்களில் அந்நேரம் சக்கரங்கள் தேதித் தகட்டோடு பிணைந்திருப்பதால், நூலிழை போன்ற பல் ஒன்று முறிந்துவிடக்கூடும். நீர்தாங்கும் ஆழம் 30 மீட்டர் என்று கடிகாரத்தில் பொறித்திருந்தாலும் அது நீர்த்தெறிப்பைத் தாங்குமே தவிர நீச்சலுக்கு உரியதன்று. தோல்வாரை நனைக்காமல், வியர்வையை அன்றன்றே மென்துணியால் ஒற்றியெடுங்கள்.

நான் பெரிதும் அஞ்சுவது காந்தத்தைத்தான். ஒலிபெருக்கியருகே வைத்த கடிகாரத்தின் ஓட்ட வேகத்தைச் சீராக்கும் மயிரிழைச் சுருள்வில் காந்தமேறி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், அது திடீரென நிமிடக்கணக்கில் முந்தி ஓடும். காந்தநீக்கம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். உள்ளே எண்ணெய் உலர்ந்தால் உலோகம் தேயும் என்பதால், சுமார் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்த பழுதுநரிடம் கொடுங்கள்.